மொட்டை மாடித் தூசியும் துருவப் பனியும்: விண்வெளித் துகளை எப்படி அடையாளம் காண்பது?

பெரம்பூர் டீச்சர்:

வணக்கம். பெரம்பூரில் ஒரு பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகள் பள்ளி மொட்டை மாடியைப் பெருக்கி, சேர்ந்த மண்ணில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய காந்தத்தை ஓட்டினார்கள். ஒட்டியதைக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கறுப்பாக, பளபளப்பாக, அச்சில் வார்த்தது போன்ற உருண்டைகள். ஒரு சிட்டிகைக்குள் ஏகப்பட்டது இருக்கிறது.

அன்டார்டிகா பனிக்கட்டியை உருக்கி எடுத்த விண்வெளித் தூசியின் படம் ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு கேள்விகள். எங்களிடம் இருப்பது விண்வெளியிலிருந்து வந்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், இந்தத் தூசி உலகம் முழுக்க விழுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் இதற்காக ஏன் துருவம் வரை போகிறார்கள்? பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதால் கேட்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

அம்பத்தூர் லேத்:

டீச்சர், கிரைண்டிங் வீலுக்கு அடியில் ஒரு காந்தத்தைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். இதே உருண்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். பொறி பறக்கிறதே, அது எரிந்துகொண்டே போகும் இரும்புத் துணுக்கு. காற்றிலேயே உருகி, கீழே விழுவதற்குள் உருண்டையாக இறுகிவிடும். வெல்டிங்கிலும் அப்படித்தான். எங்கள் பட்டறையில் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், சிலதில் ஒரு சின்ன ஓட்டைகூட இருக்கும், உள்ளே வெறும் கூடு.

உங்கள் பக்கம் ரயில்வே ஒர்க்ஷாப் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. தீபாவளி வேறு இப்போதுதான் முடிந்தது. கம்பி மத்தாப்பில் போடுவதும் இரும்புத் தூள்தானே. அதனால் இரும்பு உருண்டை கிடைத்ததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எண்ணூர் சாம்பல்:

லேத் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனல் மின் நிலையத்தில் சாம்பல் கையாளும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நிலக்கரியைப் பொடியாக்கி ஊதி எரிக்கும்போது அதிலிருக்கும் களிமண்ணும் இரும்புத் தாதும் உருகி, பறக்கும் வேகத்தில் உருண்டையாகிவிடும். சாம்பல் குளத்தில் தண்ணீர் மேல் வெள்ளை ஆடை படிந்த மாதிரி மிதப்பது அத்தனையும் உள்ளே காற்றடைத்த கண்ணாடி உருண்டைகள். அடியில் தங்குவதில் காந்தத்தை விட்டால் கறுப்பு உருண்டை வரும். நல்ல வட்டம், நல்ல பளபளப்பு. வட சென்னையில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இது ஏதோ ஒரு மாடியில் போய் விழும்.

கிண்டிப் பாறை:

டீச்சர், உங்கள் மாணவி அந்தப் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாளே, அதுதான் சரியான வழி. நான் புவியியல்காரன், தாதுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பிழைப்பு. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

விண்வெளித் தூசி துருவத்தில் அதிகமாக விழுவதில்லை. பெரம்பூரில் விழுகிற அளவேதான் ஏறக்குறைய அங்கேயும் விழுகிறது. மற்ற தூசி அங்கே விழாது என்பதுதான் விஷயம். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு மை விழுந்தால் எட்ட நின்றே தெரியும், லுங்கியில் விழுந்தால் தேடத்தான் வேண்டும்.

அன்டார்டிகாவின் நடுப்பகுதியில் சுற்றிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மண் கிடையாது, ஆலை கிடையாது, ரயில் கிடையாது. பனிப்பொழிவும் மிகக் குறைவு. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையம் இருக்கும் டோம் சி பகுதியில், ஓராண்டில் விழும் பனி முழுவதையும் உருக்கினால் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதாவது, ஒரே அளவு தூசி அங்கே ஐம்பதில் ஒரு பங்கு தண்ணீரில் கிடக்கிறது. குளிரில் அது துருப்பிடிப்பதும் இல்லை, மக்குவதும் இல்லை.

அங்கே எடுக்கும் முறையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ரசிப்பார்கள். நிலையம் கட்டுவதற்கு முன்பே விழுந்த பனியை எட்டும் வரை பல மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். மேலே இருக்கும் பனியில் மனிதன் கொண்டுவந்த அழுக்கு இருக்கலாம் அல்லவா. சுத்த அறையில் போடும் உடையைப் போட்டுக்கொண்டு, சுத்தம் செய்த பாத்திரங்களில் பனியை அள்ளி, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் உருக்கி, அந்தத் தண்ணீரை 30 மைக்ரான் கண் உள்ள நைலான் சல்லடையில் வடிகட்டுவார்கள். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானுக்கு முன்னே பின்னே இருக்கும் என்றால் அந்தச் சல்லடைக் கண்ணை நினைத்துப் பாருங்கள். வடிகட்டியில் நிற்பதை ஒவ்வொரு துகளாக ஊசி முனையில் எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே நிற்கும் துகள்களில் விண்வெளியிலிருந்து வந்தது என்று சொல்லத்தக்கது கணிசமாக இருக்கும். நம் ஊர் மாடித் தூசியில் லட்சத்தில் ஒன்று இருந்தாலே பெரிது.

வால்மீன்12:

நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஒரு சந்தேகம் சார். விண்கல்லே எரிந்து போகிறது, இவ்வளவு சின்னத் தூசி எப்படி எரியாமல் கீழே வருகிறது?

கிண்டிப் பாறை:

சின்னதாக இருப்பதுதான் அதைக் காப்பாற்றுகிறது தம்பி. வளிமண்டலத்துக்குள் நுழையும் வேகம் குறைந்தது நொடிக்கு 11 கிலோமீட்டர், அதிகபட்சம் 72. எடை குறைவாக இருப்பதால் தரையிலிருந்து 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே, காற்று மிக லேசாக இருக்கும்போதே, வேகம் அடங்கிவிடும். சூடாவது சில நொடிகள்தான். பருமனை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் சூடு சட்டென்று வெளியேறியும் விடும். மெதுவான வேகத்தில் சாய்வாக நுழைந்தவை உருகாமலே தப்பும். வேகமாக வந்தவை உருகி உருண்டையாகும். ரொம்ப வேகமாக வந்தவை ஆவியாகிவிடும்.

அந்த ஆவியும் வீணாவதில்லை. உயரத்தில் மறுபடி உறைந்து, நானோமீட்டர் அளவுப் புகைத்துகளாகி, மெல்ல இறங்கி வருகிறது. கிரீன்லாந்துப் பனியில் இரிடியம், பிளாட்டினம் அளவை வைத்து அதைக் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டார்கள். பூமியின் மேலோட்டில் இரிடியம் அரிது, விண்கற்களில் அதிகம், அதனால் அது நல்ல அடையாளம்.

கணக்குப்புள்ளி:

அளவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஆண்டுக்கு 40,000 டன் விண்வெளித் தூசி பூமிக்கு வருகிறது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இன்னோர் இடத்தில் 5,200 டன் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் 2,700. ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால் எதைத்தான் நம்புவது? பள்ளிப் பிள்ளைகளிடம் எந்த எண்ணைச் சொல்வார்கள்?

கிண்டிப் பாறை:

மூன்றும் அளந்து சொன்ன எண்கள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு பொருளை அளந்தவை.

40,000 டன் என்பது வளிமண்டலத்துக்கு வெளியே அளந்தது. எல்டெஃப் என்ற செயற்கைக்கோள் 1984இல் மேலே போய் 1990 ஜனவரியில் திரும்பியது. அதன் தகடுகளில் தூசி மோதி உண்டான குழிகளை அளந்து 1993இல் லவ், பிரவுன்லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன கணக்கு அது. அவர்களே கூட்டியோ குறைத்தோ 20,000 என்று சேர்த்துத்தான் சொன்னார்கள்.

2,700 டன் தென் துருவத்தில் எடுத்தது. அமுண்ட்சன்–ஸ்காட் நிலையத்துக்குக் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பனிக்குள் ஆழத்தில் வெந்நீர் விட்டு உருக்கி ஒரு கிணறு வைத்திருக்கிறார்கள். பனி உருக உருக அதிலிருந்த தூசி எல்லாம் கிணற்றின் அடியில் போய்ப் படியும். சூசன் டெய்லர் குழுவினர் 1995இல் ஓர் உறிஞ்சு கருவியை உள்ளே இறக்கி அந்த அடிமண்ணை எடுத்தார்கள். எவ்வளவு பனி உருகியது, அது எந்தக் காலத்துப் பனி என்பது தெரியும், ஆகவே ஆண்டுக்கு எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போட முடிந்தது. கி.பி. 1100 முதல் 1500 வரை விழுந்த பனி அது. இங்கே பிற்காலச் சோழர்கள் தொடங்கி விஜயநகரம் வரை. அந்தக் காலத்தில் விழுந்த தூசியை எண்ணி எடுத்திருக்கிறார்கள்! ஆனால் அந்தக் கணக்கில் உருகி உருண்டையானவை மட்டும்தான் வரும்.

5,200 டன் கான்கார்டியா கணக்கு. இருபது ஆண்டுகளில் ஆறு பயணங்களில் சேர்த்ததை வைத்து 2021இல் வெளியானது. 30 முதல் 200 மைக்ரான் வரை உள்ளவை, உருகியதும் உருகாததும் சேர்த்து, தரைக்கு வந்து சேர்வது. அதே ஆய்வில், வளிமண்டலத்துக்குள் நுழைவது 15,000 டன் இருக்கலாம், அதில் ஐந்தில் நான்கு பங்கு வால்நட்சத்திரங்களிலிருந்து வருகிறது, மீதி சிறுகோள்களிலிருந்து என்று மதிப்பிட்டார்கள்.

பிள்ளைகளிடம் 5,200ஐயே சொல்லலாம், "தரைக்கு வந்து சேர்வது" என்ற சொற்களோடு சேர்த்து.

கணக்குப்புள்ளி:

சரி, இப்போது தெளிவு. 5,200 டன்னை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குப் பத்து கிராம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆக, திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மொத்த ஊருக்கும் ஓராண்டில் விழுவது நாலே கால் கிலோ. ஒரு கிரவுண்டு மனைக்கு இரண்டேகால் மில்லிகிராம் வரும். டீச்சருடைய மாடி இரண்டு கிரவுண்டு இருந்தால் ஐந்து மில்லிகிராம்கூடத் தேறாது, அதுவும் ஒரு வருடம் பெருக்காமல் விட்டால்.

பிள்ளைகள் ஒரு சிட்டிகையில் ஏகப்பட்ட உருண்டை பார்த்ததாகச் சொன்னார்கள். இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம், அவற்றில் மிகப் பெரும்பாலானது மேலிருந்து வந்திருக்க முடியாது.

நேர்கேள்வி:

நான் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் தேடுகிறார்கள், கனிமம் தேடுகிறார்கள் என்றால் புரிகிறது. தூசிக்காக விமானம், கப்பல், ஆள், டீசல் என்று செலவு செய்து துருவத்துக்குப் போவதில் நமக்கு என்ன கிடைக்கிறது? ஜப்பானின் ஹயபுசா மாதிரி விண்கலங்களே நேரே போய் மண் அள்ளி வருகின்றனவே. அதைவிட இது எந்த விதத்தில் மேல்?

கிண்டிப் பாறை:

நல்ல கேள்வி சார். விண்கலம் கொண்டுவருவதற்கு முகவரி உண்டு, அது பெரிய பலம். ஹயபுசா2 ரியுகு சிறுகோளிலிருந்து 2020இல் ஐந்து கிராம் சொச்சம் கொண்டுவந்தது. நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் 121 கிராம் கொண்டுவந்தது. ஸ்டார்டஸ்ட் 2006இல் வைல்டு 2 என்ற வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடித்து வந்தது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளிலிருந்து வந்த மாதிரி. பனியில் கிடப்பதற்கு முகவரி கிடையாது, ஆனால் எத்தனையோ வால்நட்சத்திரங்கள், சிறுகோள்கள் உதிர்த்தது அத்தனையும் கலந்து கிடக்கிறது. ஒரு ராக்கெட்டும் விடாமல் கிடைக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் வரும்.

உதாரணம் சொல்கிறேன். கான்கார்டியா பனியில் கிடைத்த சில துகள்களில் பாதிக்கு மேல் கரிமப் பொருள். சாதாரண விண்கற்களில் கரிமம் சில சதவீதம்தான் இருக்கும். அந்தக் கரிமத்தில் டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், மிக அதிகமாக இருந்தது. கடுங்குளிரில், சூரியனிலிருந்து வெகு தூரத்தில் உருவான பொருளின் அடையாளம் அது. 2010இல் இதை வெளியிட்டார்கள். அவ்வளவு பொலபொலப்பான துகள் ஆற்று மணலிலோ கடலடியிலோ ஒரு நாளும் தப்பியிருக்காது. பனி மெத்தென்று வாங்கி, அப்படியே உறைய வைத்திருக்கிறது.

இன்னொன்று இதைவிட ஆச்சரியம். ஜெர்மனியின் கோனன் நிலையத்திலிருந்து 500 கிலோ பனியை உறைந்த நிலையிலேயே மியூனிக் கொண்டுபோய் உருக்கினார்கள். இருபது ஆண்டுக்குள் விழுந்த புதுப் பனி. அதில் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு அணுக்கள் இருந்தன. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைந்து போக ஆகும் காலம், 26 லட்சம் ஆண்டு. பூமி தோன்றி 450 கோடி ஆண்டு ஆகிவிட்டதால் ஆரம்பத்தில் இருந்தது எப்போதோ தீர்ந்திருக்கும். ஆகவே அது பின்னால் வந்தது. விண்வெளித் தூசியில் காஸ்மிக் கதிர் பட்டும் கொஞ்சம் உண்டாகும் என்பதால், அதே கதிரால் உண்டாகும் மாங்கனீஸ்-53ஐயும் அளந்து, அப்படி உண்டாகக்கூடியதைக் கழித்துப் பார்த்தார்கள். அப்புறமும் மிஞ்சியது. வெடித்த நட்சத்திரங்கள் சிதறிய பொருள், சூரியக் குடும்பம் இப்போது கடந்துகொண்டிருக்கும் விண்மேகத்திலிருந்து நம் மேல் விழுந்துகொண்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. 2019இல் வந்த ஆய்வு. எண்ணிப் பார்க்கும்படியான சில அணுக்களை வைத்துச் சொன்னது. சுத்தமான பனி இல்லையென்றால் அந்தச் சில அணுக்களைப் பிரித்துப் பார்க்கவே முடிந்திருக்காது.

நேர்கேள்வி:

இரும்பு-60 விஷயம் எனக்குப் புதிது. வெடித்த நட்சத்திரத்தின் பொருள் நேற்றைய பனியில் கிடைக்கிறது என்றால் அதற்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. நம் நாடு இதில் ஏதாவது செய்கிறதா? நமக்கும் அங்கே நிலையம் இருக்கிறதே.

மைத்ரி மெக்கானிக்:

அதற்கு நான் சொல்கிறேன். நம் குழுவோடு மைத்ரிக்குப் போய் வண்டி, ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவன். ஆராய்ச்சி என் வேலை கிடையாது, ஆனால் ஆராய்ச்சிக்காரர்களை வண்டியில் கொண்டுபோய் விடுவது என் வேலை.

மைத்ரி இருப்பது ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டில். 1989இலிருந்து நடக்கிறது. 2012இல் பாரதி நிலையம் வந்தது, அது லார்ஸ்மன் குன்றுகளில், வேறு பக்கம். மைத்ரிக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் நீலப் பனி. அதைப் பார்த்தால்தான் தெரியும். மேலே பொடிப் பனி எதுவும் நிற்காது, காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கும். கால் வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும், ஷூவில் முள் கட்டாமல் நடக்க முடியாது. பழைய பனி, காற்றுக் குமிழெல்லாம் நசுங்கி இறுகிப் போனதால் நீலமாகத் தெரிகிறது. அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகக் குழி இருக்கும். குழியின் அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு மண், அதன் மேல் தெளிந்த தண்ணீர், அதற்கும் மேல் மெல்லிசாக ஐஸ் மூடி. கறுப்பு வெயிலை இழுத்துச் சூடாகி, பனியை உருக்கிக்கொண்டே இறங்குவதால் வரும் குழி அது.

வண்டியை எப்போதும் காற்று போகும் பக்கம்தான் நிறுத்தச் சொல்வார்கள். அங்கே காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து, உள் மேட்டிலிருந்து இறங்கி வரும். மாதிரி எடுக்கும் இடம் காற்று வரும் பக்கம், வண்டி அதற்குக் கீழே. டீசல் புகைக்கரி ஒரு துளி போனாலும் அவர்கள் உழைப்பு வீண். நானே கிரீஸ் கையோடு கிட்டே போக மாட்டேன். எங்கள் பட்டறையில் கிரைண்டிங் இருந்தால் அன்று அந்தப் பக்கம் மாதிரி எடுக்கப் போவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் அண்ணன் சொன்ன அதே உருண்டைப் பிரச்சினைதான்.

கிண்டிப் பாறை:

மெக்கானிக் சார் சொன்ன அந்தக் குழி மண்ணில்தான் இந்தக் கதையே ஆரம்பம். 1870இல் கிரீன்லாந்துப் பனி மேல் நடந்த நார்டன்ஷேல்டு என்ற ஆய்வுப் பயணி அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பங்கு வானத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்து 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் ஆழ்கடல் சேற்றை அள்ளியது. அதில் ஜான் மர்ரே காந்தத்தை ஓட்டிக் கறுப்பு உருண்டைகளை எடுத்தார். டீச்சருடைய பிள்ளைகள் செய்ததை அவர் கடல் சேற்றில் செய்தார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1980களில் மிஷெல் மொரெட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி முதலில் கிரீன்லாந்து, அப்புறம் அன்டார்டிகாவின் நீலப் பனி என்று போய், வெந்நீர் பீய்ச்சிப் பனியை உருக்கி, டன் கணக்கில் வடிகட்டினார்.

நம் நாட்டில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் நெடுங்காலமாக மத்திய இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றிலிருந்து இந்த உருண்டைகளைப் பிரித்து ஆராய்கிறது. மைத்ரி அருகே நீலப் பனியை உருக்கி எடுத்த துகள்களையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். கடலடியில் சேர்வது மிக மெதுவாக என்பதால் பெரிய உருண்டைகள் நிறையக் கிடைக்கும், ஆனால் உப்புநீர் கண்ணாடி வகையை அரித்துவிடும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஒப்பிடுவது நமக்குள்ள வாய்ப்பு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

வானம் பார்த்தவன்:

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். நார்வேயில் யூன் லார்சன் என்ற ஜாஸ் கலைஞர் ஊர்க்கூரைகளிலேயே விண்வெளித் துகள்களைக் கண்டுபிடித்தார். ஆஸ்லோ, பாரிஸ் போன்ற நகரக் கூரைகளின் 300 கிலோ குப்பையிலிருந்து 500 துகள்கள். லண்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2017இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்துவிட்டது. அதற்கு முன்பு நகரத்தில் கிடைக்காது என்று அடித்துச் சொன்னவர்கள் விஞ்ஞானிகள்தான். பிள்ளைகளிடம் "உங்களுடையது எல்லாம் மத்தாப்பு" என்று சொல்லி ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம். துருவம் போனால்தான் ஆயிற்று என்று இல்லை.

கிண்டிப் பாறை:

ஆர்வத்தைக் கெடுக்க யாரும் நினைக்கவில்லை. லார்சன் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 300 கிலோவில் 500 துகளை அவர் எதை வைத்துப் பொறுக்கினார்? உருண்டையாக இருக்கிறதா, காந்தம் இழுக்கிறதா என்று பார்த்திருந்தால் லட்சக்கணக்கில் வந்திருக்கும். அன்டார்டிகாவில் கிடைத்த துகள்களின் முகம் எப்படி இருக்கும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அவற்றின் படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கி, ஊர்க் குப்பையில் விழும் ஒவ்வொரு போலியையும் தனித்தனியாகப் படமெடுத்து வைத்து, கழித்துக் கழித்துத்தான் அவர் கண்டுபிடித்தார். கடைசியில் ரசாயனச் சோதனையும் செய்த பிறகே விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள். துருவப் பனி அந்த முகத்தைக் காட்டிக்கொடுத்திருக்காவிட்டால் ஆஸ்லோ கூரையில் அவர் எதைத் தேடியிருப்பார்? கூரைக்கும் துருவத்துக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை, ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுத்திருக்கிறது.

டீச்சர், முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். இரும்பு உருண்டைகளைப் பிள்ளைகள் தேட வேண்டாம். அவற்றில் போலி அதிகம், பிரித்தறிவதும் கடினம். நிக்கல் இருந்தால் விண்வெளி என்பார்கள், ஆனால் எவர்சில்வர் வெல்டிங்கிலும் நிக்கல், குரோமியம் இரண்டும் உண்டு. விண்ணிலிருந்து வருவதில் பெரும்பாலானது கல் வகைதான், அதைத் தேடுங்கள். உருகி இறுகும்போது ஆலிவின் என்ற தாதுவின் படிகங்கள் இணைகோடுகளாக வளர்ந்திருக்கும். உருண்டையின் மேலே அந்தக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். கோடுகளுக்கு நடுவே மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது, மிகச் சிறு புள்ளிகளாக மின்னும். சிலவற்றில் ஒரு முனையில் உலோகக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முழு வட்டமாக இருப்பது குறைவு, லேசாக நீண்டிருக்கும். நிறம் கறுப்பு அல்லது அடர்பழுப்பு, வழவழப்புக் குறைவு. அளவு கால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்.

ரசாயனத்தில் பார்த்தால் சாம்பல் உருண்டையில் அலுமினியம் அதிகம், கூடவே பொட்டாசியம், டைட்டானியம். விண்வெளிக் கல் உருண்டையில் மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு மூன்றும்தான் முக்கியம், அலுமினியம் கொஞ்சம்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்ணூர் சாம்பல்:

போலிகளைப் படமெடுத்து வைப்பது நல்ல யோசனை. டீச்சருக்குச் சாம்பல் மாதிரி வேண்டுமென்றால் நான் தருகிறேன், இரண்டு வகையும். மிதப்பது தனி, காந்தத்தில் ஒட்டுவது தனி.

அம்பத்தூர் லேத்:

கிரைண்டிங் தூள், சாதா வெல்டிங், எவர்சில்வர் வெல்டிங் மூன்றும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மத்தாப்பை மட்டும் பிள்ளைகளே ஒரு தாம்பாளத்தின் மேல் பிடித்துக் கொளுத்தி எடுத்துக்கொள்ளட்டும்.

பெரம்பூர் டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கணக்குப்புள்ளி சாரின் நாலே கால் கிலோ கணக்கைக் கரும்பலகையில் அப்படியே போடப்போகிறேன். முதலில் போலிகளின் படத்தொகுப்பு, அப்புறம்தான் தேடல் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு யோசனை. பள்ளியில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. மாடியில் விழும் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக வடிகட்டும் தொட்டிக்கு வருகிறது. 2003லிருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம் என்பதால் சென்னையில் பெரும்பாலான கட்டடங்களில் இருக்கிறது. அந்தத் தொட்டியின் மண்ணை எடுத்துப் பார்க்கலாமா?

கிண்டிப் பாறை:

அருமையான யோசனை, ஆனால் தொட்டிக்குள் போகாதீர்கள். அங்கே போட்டிருக்கும் மணலும் கருங்கல் ஜல்லியும் பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் மாதிரிப் பாறைகளிலிருந்து வந்தவையாக இருக்கும். அதிலேயே மேக்னடைட் தாராளம். மூலைமுடுக்கோடு இருக்கும் என்றாலும் காந்தம் அதைத்தான் முதலில் இழுக்கும்.

குழாய் தொட்டியில் விழும் வாயில் நைலான் துணி கட்டுங்கள், 100 மைக்ரான் கண் இருந்தால் போதும். அதைவிட நெருக்கமாக இருந்தால் அடைத்துக்கொண்டு மாடியில் தண்ணீர் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மாடியைக் கழுவித் தேதியைக் குறித்து வையுங்கள், அப்போதுதான் எத்தனை மாதத் தூசி என்பது தெரியும். துணியை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மாற்றுங்கள்.

மைத்ரி மெக்கானிக்:

துணி கட்டும் பிள்ளைகள் கை கழுவிவிட்டுக் கட்டட்டும் டீச்சர். துணியைக் கடையிலிருந்து வாங்கியதும் ஒரு முறை அலசி, அந்தத் தண்ணீரையும் வடிகட்டிப் பார்த்து வையுங்கள். துணியிலேயே என்ன இருந்தது என்பது முதலில் தெரிய வேண்டும். அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் செய்யாமல் ஒரு வாளியைக்கூடத் தொட மாட்டார்கள்.

வால்மீன்12:

டீச்சர், நான் கொளத்தூர்தான். எங்கள் வீட்டு மாடிக் குழாயிலும் கட்டலாமா? இரண்டு மாடியையும் ஒப்பிடலாம்.

பெரம்பூர் டீச்சர்:

கட்டு தம்பி. உங்கள் மாடி எத்தனை சதுர அடி, சுற்றுவட்டாரத்தில் வெல்டிங் பட்டறை எதுவும் இருக்கிறதா, இதை மட்டும் எழுதி அனுப்பு. துணி நாங்கள் வாங்கும்போது உனக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறோம், ஒரே கண் அளவு இருக்க வேண்டும்.

கிண்டிப் பாறை:

படங்களைப் போடும்போது அளவுகோலோடு போடுங்கள். வரிவரியாகக் கோடு தெரிகிற உருண்டை ஏதாவது கிடைத்தால் அதைத் தொட்டு உருட்டாமல், தனிச் சீசாவில் போட்டு வையுங்கள். நுண்ணோக்கி நேரம் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.